நடு ராத்திரியில் “கும்.. கும்..”, ஆடியது பீரோ கண்ணாடி!
சப்-வூபர் வாங்குவோர் கவனிக்க

இரவு மணி 10-15. கதவு தடதடவென்று தட்டப்பட்டது. திறந்தேன். பக்கத்து போர்ஷன் அம்மா!

“ஏம்ப்பா, ஊர் வம்பெல்லாம் பேப்பர்ல எழுதறே. எங்க வீட்டு பீரோ கண்ணாடி கடகடன்னு ஆடுதே, அதை எழுத மாட்டியா?”

எனக்கு வெலவெலத்து விட்டது. செய்தி சேகரிக்க போலீஸ் நிலையம் போகிறவன், புகாரில் சிக்கிப் போகலாமா? 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான். உடனே பெட்டியை அணைத்தேன்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? நடு அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எனக்கு அந்த “கும்” சரியாகக் கேட்கவே இல்லை! “கடைக்காரன் தலையில கட்டிட்டானோ?” என்று வால்யூமைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன்.

பத்துக்குப் பத்து

குற்றவாளி பெட்டி அல்ல, அறை. என் அறை பத்துக்குப் பத்து. உயரமும் 10 அடி. சுற்றிலும் சிமெண்டுச் சுவர், கீழே டைல்ஸ். சத்தம் வினாடிக்கு சுமார் 1,140 அடி ஓடும். 10 அடி இடைவெளியில் மோதி மோதித் திரும்பும்போது, சுமார் 57 ஹெர்ட்ஸ் சத்தம் அறைக்குள் மாட்டிக்கொள்கிறது. பேஸ் கிதார் புழங்குகிற இடம் அது. மாட்டிய சத்தம் சுவரோரம் பேயாட்டம் போடும்; நடு அறையில் செத்துக் கிடக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றானால் மூன்று கோளாறும் ஒரே இடத்தில் வந்து விழும்.

நான் சப்-வூபரை வைத்திருந்ததோ மூலையில். அந்த அம்மா வீட்டு பீரோவுக்கு நேர் இந்தப் பக்கம்!

தவழ்ந்தேன்

மறுநாள் பகலில், விஷயம் தெரிந்தவர்கள் செய்யும் உபாயத்தைச் செய்தேன். சப்-வூபரைத் தூக்கி நாற்காலியில் வைத்து, பேஸ் அதிகம் உள்ள பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து காது கொடுத்தேன். எங்கே சத்தம் குழறாமல் கேட்கிறதோ, அங்கேதான் பெட்டியை வைக்க வேண்டும். (கதவைச் சாத்திக்கொண்டு செய்யவும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்.)

எனக்கு எதிர்ச்சுவரில், நடுவுக்குச் சற்றுத் தள்ளி இடம் கிடைத்தது. நாற்காலியையும் பின்னுக்கு இழுத்தேன். உச்சத்தில் இருந்த கிராஸ்ஓவர் திருகை 80 ஹெர்ட்சுக்கு இறக்கினேன். பரணில் கிடந்த ஸ்பீக்கர் இரண்டையும் இறக்கி காது மட்டத்தில் வைத்தேன். செலவு? சல்லிக்காசு இல்லை.

ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, “எத்தனை வாட்ஸ்?” 100 வாட்ஸ் 200 ஆனால் ஏறுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற சுமார் 10 மடங்கு வாட்ஸ் வேண்டும்!

இன்னொன்று: அறையில் கைதட்டிப் பாருங்கள். “கிர்ர்” என்று இழுத்தால் ஜமக்காளம், கனமான திரை, புத்தக அலமாரி போட்டால் அடங்கும், பாட்டு வரி தெளிவாகும். ஆனால் “கும்” சத்தம் திரைக்கு அடங்காது. அதற்குப் பெட்டியை நகர்த்துவதுதான் வழி.

நான்கு நாள் கழித்து அந்த அம்மா மறுபடி வந்தார். “ரேடியோ பெட்டி ரிப்பேராப்பா? சத்தத்தையே காணோமே!”