50 ஆம்பியர் ஓடும் கேபிள்: உயிர் இருப்பது முனையில்

சமையலறையில் 575 வாட் மிக்ஸி ஓடும்போது அதன் ஒயரில் பாயும் மின்னோட்டம் சுமார் இரண்டரை ஆம்பியர். 2025 ஜனவரியில் விற்பனைக்கு வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 5090 கிராஃபிக்ஸ் கார்டும் அதே 575 வாட்டைத்தான் கேட்கிறது. ஆனால், அதற்குப் போகும் கேபிளில் பாய்வது ஏறத்தாழ 48 ஆம்பியர். மிக்ஸிக்குக் கிடைப்பது 230 வோல்ட், கார்டுக்குக் கிடைப்பது வெறும் 12 வோல்ட். வோல்ட் குறைந்தால், அதே வாட்டைக் கொடுக்க ஆம்பியர் ஏறியே தீரும்.

ஒயரைச் சூடாக்குவது இந்த ஆம்பியர்தான். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தன் கையாலேயே கேபிள் செய்துகொள்ள நினைப்பவர் முதலில் மனதில் பதிக்க வேண்டிய கணக்கு இதுதான்.

கேபிளை ஏன் கையால் செய்ய வேண்டும்? கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸுடன் வரும் கேபிள்கள் பெரிய கேபினெட்டுக்கும் எட்டும்படி நீளமாக இருக்கும். சின்ன கேபினெட்டில் அந்த நீளம் சுருண்டு காற்றோட்டத்தை அடைக்கும். கார்டின் முனையில் ஒயரை ஒடித்து வளைக்க வேண்டிவரும். அளவெடுத்துச் செய்த கேபிளில் இந்தத் தொல்லை இல்லை. கண்ணாடிப் பக்கம் வைத்த கேபினெட்டில் நிறம் பொருந்திய உறையோடு அழகாகவும் இருக்கும். நியாயமான ஆசைதான். ஆனால், அந்த அழகுக்குள் ஓடுவது 50 ஆம்பியர்.

சுருங்கிய பாதுகாப்பு இடைவெளி

பழைய எட்டு பின் கனெக்டருக்கு விதிக்கப்பட்ட உச்சம் 150 வாட். அதில் 12 வோல்ட் கொண்டுபோகும் ஒயர்கள் மூன்று. ஒவ்வொன்றிலும் நான்கு ஆம்பியருக்குச் சற்று மேல் பாயும். பின்கள் அதைவிட நிறையவே தாங்கக்கூடியவை. அதனால் அரைகுறையாகச் செய்த கேபிள்கூட ஆண்டுக்கணக்கில் ஓடியது.

2022இல் பரவலான 16 பின் கனெக்டர் இந்தக் கணக்கை மாற்றியது. 12விஎச்பிடபிள்யூஆர் என்பது அதன் பெயர். ஒரே கனெக்டரில் 600 வாட், அதாவது 50 ஆம்பியர். அதை 12 வோல்ட் பின்கள் ஆறும் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றுக்கும் 8.3 ஆம்பியர். ஒரு பின் தாங்கும் அளவு 9.5 ஆம்பியர். பின்களுக்கு இடையிலான தூரமும் 4.2 மில்லிமீட்டரிலிருந்து 3 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டது. சுமை இரட்டிப்பானது, பின் சிறுத்தது, தவறு பொறுக்கும் இடம் ஏறக்குறைய இல்லாமல் போனது.

விளைவு சீக்கிரமே தெரிந்தது. 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த சில வாரங்களிலேயே கனெக்டர்கள் உருகிய படங்கள் உலகெங்கும் வெளிவந்தன. கனெக்டர் முழுதாகச் செருகப்படாததே பொதுவாகக் காணப்பட்ட காரணம் என்றது என்விடியா. 2023இல் வடிவமைப்பு திருத்தப்பட்டது. 12வி-2×6 என்ற புதிய வடிவத்தில், மின்சாரம் கடத்தும் பின்கள் சற்று நீண்டன. கார்டுக்குத் தகவல் சொல்லும் சிறிய பின்கள் குட்டையாயின. சரியாகச் செருகாவிட்டால் கார்டு இயங்காது என்பதே நோக்கம். இதே கனெக்டருக்காகக் கேபிள்மோட் நிறுவனம் விற்ற வளைவு அடாப்டர்களில் சுமார் 25,300ஐ 2024இல் திரும்பப் பெற நேர்ந்தது.

அதோடு பிரச்சினை தீரவில்லை. 2025 பிப்ரவரியில் 'டெர்பவர்' என்ற பெயரில் அறியப்படும் ஜெர்மானிய வல்லுநர் ரோமன் ஹார்ட்டுங், 5090 கார்டின் கேபிளில் ஒவ்வொரு ஒயரையும் தனித்தனியே அளந்து காட்டினார். ஒரே ஒயரில் 20 ஆம்பியருக்கு மேல் பாய்ந்தது; மற்றவற்றில் சிலவற்றில் மிகக் குறைவாகவே பாய்ந்தது. எஸ்எம்பிஎஸ் பக்கக் கனெக்டரின் சூடு 150 டிகிரி செல்சியஸை எட்டியது.

இது எப்படி நேர்கிறது? ஆறு ஒயர்களும் கார்டில் ஒரே இடத்தில் சேர்கின்றன. தடை குறைந்த வழியில் மின்சாரம் கூடுதலாகப் பாயும் என்பது பள்ளிப் பாடம். நான்கு பின்களின் தொடுகை தளர்ந்தால், அவற்றின் பங்கும் மீதி இரண்டின் தலையில் ஏறும். 2022இல் வந்த 3090 டிஐ கார்டு ஆறு பின்களையும் இரண்டிரண்டாகப் பிரித்துச் சுமையைச் சமன்செய்தது. பின்னால் வந்த கார்டுகளில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. ஆகவே, சமநிலையைக் காக்கும் பொறுப்பு முழுவதும் கேபிளின் மேல் விழுந்திருக்கிறது.

கிரிம்பிங் என்னும் கைவினை

கேபிள் என்றதும் எல்லோரும் ஒயரின் தடிமனைப் பார்க்கிறார்கள். 16 கேஜ் செம்பு ஒயர் 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு எட்டு மில்லிஓம் அளவே தடை காட்டும். 8.3 ஆம்பியரில் அதன் வெப்பம் அரை வாட். அதுவும் நீளம் முழுக்கப் பரவிக் காற்றில் கலந்துவிடும். ஒயரும் பின்னும் சேரும் இடத்தில் கதை வேறு. அங்கே ஐந்து மில்லிஓம் தடை இருந்தால், 8.3 ஆம்பியரில் வெப்பம் வாட்டில் மூன்றில் ஒரு பங்கு. அதே புள்ளியில் 23 ஆம்பியர் பாய்ந்தால் 2.6 வாட். அரிசி மணி அளவு உலோகத்தில், பிளாஸ்டிக் சூழ்ந்த இடத்தில், அந்தச் சூடு வெளியேற வழியில்லை. அதனால்தான் உருகுவது ஒயரின் நடுப்பகுதி அல்ல, முனை.

அந்த முனையை உருவாக்கும் வேலைதான் கிரிம்பிங். ஒயர் முனையில் பொருத்தும் உலோகப் பின்னான டெர்மினல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பின்பக்கம் இரண்டு ஜோடி இறக்கைகள் தெரியும். முன் ஜோடி செம்பு இழைகளைப் பிடிக்க. பின் ஜோடி மேலுறையைப் பிடிக்க. 16 கேஜ் ஒயருக்குள் வழக்கமாக 26 மெல்லிய இழைகள் இருக்கும். உறையைச் சீவும்போது அவற்றில் ஒன்றுகூட அறுபடக் கூடாது. அந்த டெர்மினலுக்கென்றே செய்த கருவியால் அழுத்தும்போது இறக்கைகள் உள்பக்கம் சுருண்டு இழைகளை நெருக்குகின்றன. உருண்டையான இழைகள் நசுங்கி, இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. காற்று நுழையாததால் அங்கே செம்பில் களிம்பு ஏறாது. சாதாரணக் குறடால் நசுக்கினால் இந்த நெருக்கம் கிடைக்காது.

நல்ல கிரிம்ப்பைக் கண்ணாலேயே அறியலாம். முன் இறக்கைக்கு வெளியே செம்பின் நுனி கொஞ்சம் எட்டிப் பார்க்கும். இரண்டு ஜோடிகளுக்கும் இடையில் செம்பும் உறையும் சந்திக்கும் இடம் தெரியும். அழுத்திய பின் பிடித்து இழுத்தால் அசையாது. கனெக்டர் கூட்டுக்குள் தள்ளினால் 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும்; திரும்ப இழுத்தால் வராது.

அதன்மேல் ஈயம் வைத்தால் இன்னும் உறுதியாகுமே என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரைக் கம்பிபோல் விறைப்பாக்கும். வளைக்கும்போது ஈயம் முடியும் இடத்தில்தான் முறியும். ஈயம் பூசிய இழைமேல் கிரிம்ப் செய்தாலும் தவறு. அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல நகர்ந்து பிடி தளரும்.

ஒரே மாதிரி தெரியும், ஒன்றல்ல

அடுத்தது பின்களின் வரிசை. கார்டு பக்கம் எந்தப் பின்னில் என்ன வரும் என்பதற்குப் பொதுத் தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கம் அப்படி எதுவும் இல்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே வரிசை மாறலாம். ஆகவே, உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸுடன் வந்த அசல் கேபிளை மல்டிமீட்டரால் பின் பின்னாகச் சோதித்துப் படம் வரைந்துகொள்ள வேண்டும். கனெக்டரின் வாய்ப்பக்கம் பார்த்து வரைந்த படம், ஒயர் பக்கம் பார்த்தால் இடவலம் மாறிவிடும். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தீர்கள் என்பதைப் படத்திலேயே எழுதிவையுங்கள்.

16 பின் கனெக்டரில் இன்னொரு நுட்பம் உண்டு. நான்கு சிறிய பின்களில் இரண்டு, கேபிள் எத்தனை வாட் தாங்கும் என்று கார்டிடம் சொல்கின்றன. இரண்டும் தரையோடு இணைந்திருந்தால் 600 வாட். இல்லையென்றால் இணைப்பைப் பொறுத்து 450, 300 அல்லது 150. எஸ்எம்பிஎஸ் 300 வாட்டுக்கே தகுதியானதாக இருக்க, இரண்டையும் தரையில் சேர்த்துவிட்டால் கேபிள் பொய் சொல்கிறது. கார்டு அதை நம்பி இழுக்கிறது.

'பீப்' சத்தம் போதாது

மல்டிமீட்டர் 'பீப்' என்றால் இணைப்பு இருக்கிறது என்று மட்டுமே பொருள். ஒரே ஓர் இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் அது ஒலிக்கும். ஐந்து மில்லிஓமுக்கும் ஐம்பது மில்லிஓமுக்கும் உள்ள வேறுபாடு அதற்குத் தெரியாது. சரியான சோதனை இது: கேபிளைக் கணினியில் மாட்டும் முன் ஒவ்வொரு ஒயரிலும் 5 ஆம்பியர் டிசி செலுத்தி, இரு முனைக்கும் இடையே எத்தனை மில்லிவோல்ட் இறங்குகிறது என்று பார்ப்பது. 60 சென்டிமீட்டர் ஒயர் மட்டும் 40 மில்லிவோல்ட் இறக்கும். தொடுகைகள் சேர்ந்து கொஞ்சம் கூடும். எல்லாம் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் விலகினால் அந்த முனையை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கிரிம்ப் செய்யுங்கள்.

மாட்டிய பிறகு, கார்டு முழு வேகத்தில் ஓடும்போது டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரால் ஆறு 12 வோல்ட் ஒயர்களையும் அளக்க வேண்டும். ஏசி மட்டும் அளக்கும் மீட்டர் இதற்கு உதவாது. எந்த ஒயராவது 9.5 ஆம்பியரைத் தாண்டினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

உரிய கருவி வாங்கி, நல்ல டெர்மினலைத் தேடி, ஒவ்வொரு முனையையும் அளந்து பார்க்கும் பொறுமை உள்ளவர் தாராளமாகக் கேபிள் செய்யலாம். பெட்டியில் வந்ததைவிடச் சிறந்ததாகவே அது அமையும். அந்தப் பொறுமை இல்லாதவருக்கு எஸ்எம்பிஎஸ்ஸுடன் வந்த கேபிளே போதும். உறையின் நிறத்தைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள். கிரிம்பிங் கருவியை முதலில் வாங்குங்கள்.