கொழுப்பை வெட்டி அனுப்பும் செய்தி

1953-இல் மான்ட்ரியலில் மேபல் ஹோக்கினும் அவர் கணவர் லோவெல் ஹோக்கினும் புறாவின் கணையத்தைச் சீவி, கதிரியக்கப் பாஸ்பரஸ் கலந்த கரைசலில் போட்டார்கள். நரம்பு முனைகள் சுரக்கும் அசிட்டைல்கோலினைச் சேர்த்ததும் கணையச் சீவல்கள் செரிமான நொதியைச் சுரந்தன. அது தெரிந்த கதைதான். ஆனால் அந்தப் பாஸ்பரஸ் செல் சவ்வுக்குரிய கொழுப்பில் மளமளவென்று ஏறியிருந்தது. சுரப்பதற்கும் சவ்வுக் கொழுப்புக்கும் என்ன சம்பந்தம்? முழு விடை கிடைக்க 30 ஆண்டுகள் ஆயின.

சவ்வின் உள்ளடுக்கில் பி.ஐ.பி.2 என்றொரு கொழுப்பு இருக்கிறது. சவ்வுக் கொழுப்பில் அதன் பங்கு 1 சதவீதம் அளவே. அசிட்டைல்கோலின் செல்லின் வெளிப்புற ஏற்பியில் ஒட்டியவுடன், உள்ளே பாஸ்போலிப்பேஸ் சி என்ற நொதி விழித்துக்கொண்டு பி.ஐ.பி.2-இன் தலையையும் வாலையும் தனித்தனியாக வெட்டிவிடுகிறது. வந்தவர் வாசலோடு நின்றுவிடுகிறார். உள்ளே போகும் செய்தியோ வீட்டுச் சுவரிலிருந்தே பெயர்த்து எடுக்கப்படுகிறது!

வால் துண்டு சவ்விலேயே தங்கி, புரதக் கைனேஸ் சி என்ற இன்னொரு நொதியை அங்கே வரவழைக்கிறது. தலைத் துண்டான ஐ.பி.3 நீரில் கரையும். அது செல்லுக்குள் பரவி, கால்சியத்தைச் சேமித்து வைத்திருக்கும் எண்டோபிளாச வலையின் வாயில்களைத் திறக்கிறது. 1983-இல் இதைக் காட்டியவர்களில் ஒருவர் மைக்கேல் பெரிட்ஜ். செல்லின் திரவத்தில் கால்சியம், வெளியே இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. அதனால்தான் கொஞ்சம் கசிந்தாலே செல் பரபரக்கிறது; கணையச் செல் நொதியைச் சுரக்கிறது.

அப்படியானால் அந்தப் பாஸ்பரஸ்? வெட்டுப்பட்ட கொழுப்பைச் செல் உடனே புதிதாகக் கட்டிக்கொள்கிறது. அதற்குப் பாஸ்பேட் வேண்டும். ஹோக்கின் தம்பதி கண்டது வெட்டை அல்ல, அதற்குப் பிந்திய பழுதுபார்ப்பை.

பழ ஈயின் கண்ணிலும் பாஸ்போலிப்பேஸ் சி குடும்பத்து நொதிதான் வேலை செய்கிறது. அதற்கான மரபணு பழுதானால் ஈக்குப் பார்வை போய்விடும். எனக்கு அதைவிட வியப்பானது விந்தணுவின் கதை. பாலூட்டிகளில் அது முட்டைக்குள் நுழையும்போது பாஸ்போலிப்பேஸ் சி ஜீட்டா என்ற நொதியைக் கையோடு கொண்டுபோகிறது. முட்டைக்குள் கால்சியம் அலை அலையாக எழுகிறது; கரு வளரத் தொடங்குகிறது. சில ஆண்களுக்கு இந்த நொதி சரியாக அமைவதில்லை. விந்தணுவை ஊசியால் உள்ளே செலுத்தினாலும் முட்டை அசைந்து கொடுக்காது. அப்போது மருத்துவர்கள், கால்சியத்தை உள்ளே விடும் ஒரு வேதிப்பொருளில் முட்டையைச் சிறிது நேரம் வைத்து எடுப்பதுண்டு.