நிறம் ஏற்க மறுக்கும் நெகிழி

அம்பாங்கில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பழைய கஞ்சில் மகிழுந்தின் கதவு உட்புறத்தில் நெகிழிச் சட்டம் ஒன்று உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரோடுவா நிறுவனம் 1994இல் அறிமுகப்படுத்தி, 2009இல் உற்பத்தியை நிறுத்திய வண்டி அது. புதிய உட்புறப் பாகங்கள் எளிதில் கிடைப்பதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய உதிரிப்பாகக் கடைகளுக்குக் குறைவில்லை. தேடி அலைந்தால் அளவில் பொருந்தும் சட்டம் கிடைக்கலாம்; நிறம் பொருந்துவதுதான் அரிது. வண்டியின் உட்புறம் சாம்பல் நிறம்; கிடைத்த பாகமோ வெளிர்பழுப்பு. வண்டிக்காரர் தெளிப்புக் கலன் ஒன்றை வாங்கி, வீட்டு வாசலிலேயே நிறம் அடித்துவிடுகிறார். அன்று மாலை பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இரண்டே வாரங்களில் நகம் பட்ட இடத்தில் அந்த நிறம் பாலாடையைப் போல உரிந்து வருகிறது.

பலரும் இதற்குப் பூச்சின் தரத்தைக் குறை கூறுவர். பெரும்பாலும் குறை பூச்சில் இல்லை. அதற்கு அடியில் உள்ள நெகிழியைப் பற்றி அறியாமல் வேலையைத் தொடங்கியதில்தான் இருக்கிறது.

மகிழுந்தின் உட்புறப் பாகங்கள் பலவற்றுக்குத் தொழிற்சாலையில் நிறம் பூசப்படுவதே இல்லை. நெகிழி மணிகளை உருக்கும்போதே நிறப்பொருளையும் கலந்து அச்சில் செலுத்திவிடுகிறார்கள். அகார்-அகார் காய்ச்சும்போது நிறத்தைக் கலப்பதைப் போன்றதுதான் இதுவும். எந்த இடத்தில் வெட்டினாலும் உள்ளே அதே நிறம் தெரியும். ஆகையால், கீறல் விழுந்தாலும் வேறு நிறம் எட்டிப் பார்ப்பதில்லை. வீட்டில் நாம் அடிக்கும் நிறமோ மேலே படியும் மெல்லிய தோல் மட்டுமே. அந்தத் தோல் பற்றி நிற்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

உட்புறப் பாகங்களில் மிகுதியாகப் பயன்படுவது பாலிபுரோப்பிலீன் என்னும் நெகிழி. இத்தாலிய வேதியியலாளர் ஜூலியோ நட்டா 1954இல் இதனை ஒழுங்கான திண்ம வடிவில் உருவாக்கினார். இத்துறையில் ஆற்றிய பணிக்காக அவரும் ஜெர்மானியரான கார்ல் சீக்லரும் 1963இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். எடை குறைவு, விலை மலிவு, எண்ணெயும் அமிலமும் பட்டால் எளிதில் கெடாத தன்மை ஆகியவற்றால் வாகனத் தொழில் இதை விரும்பி ஏற்றது. எதனோடும் எளிதில் சேராத அந்தக் குணமே நிறம் அடிப்பவருக்குத் தொல்லையாகிறது. நீரின் மேற்பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். பாலிபுரோப்பிலீனின் மேற்பரப்பு ஆற்றலோ அதே அளவையில் சுமார் 30 மட்டுமே. இதனால், அதன்மேல் விடும் நீர் பரவாமல் முத்து முத்தாகத் திரள்கிறது. தாமரை இலைத் தண்ணீரைப் போல, பூச்சும் அதன்மேல் பட்டும் படாமலும் நிற்கிறது.

எல்லா நெகிழியும் இப்படிப்பட்டதன்று. ஏ.பி.எஸ். என்னும் நெகிழி, பூச்சில் உள்ள கரைப்பானால் சற்றே இளகிக்கொடுத்து நிறத்தைப் பற்றிக்கொள்ளும். எந்தப் பாகம் எந்த நெகிழியால் ஆனது என்பதை அறியக் கடினமான சோதனை எதுவும் தேவையில்லை. பாகத்தைக் கழற்றிப் பின்புறம் திருப்பினால், கூர்முனைக் குறிகளுக்கிடையே சில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பி.பி. என்றிருந்தால் பாலிபுரோப்பிலீன். அதனுடன் டி.டி.20 என்றும் இருந்தால், நூற்றுக்கு இருபது பங்கு டால்க் தூள் கலந்தது என்று பொருள். கண்ணுக்குப் படாத இடத்தில் இருப்பதால் பலர் இதைப் படிப்பதே இல்லை!

கடைகளில் ‘நெகிழிச் சாயம்’ என்று விற்கப்படும் தெளிப்புக் கலன்களின் பெயரும் சற்றுக் குழப்பம் தருவதே. துணிக்குச் சாயம் போட்டால் அது நூலுக்குள் ஊறும். பாலிபுரோப்பிலீனுக்குள் சாயம் ஊறாது. அதனால் செய்யப்படும் இழைகளுக்குக்கூட உருக்கும்போதே நிறம் சேர்க்கிறார்கள். கலனில் இருப்பது மெல்லிய, வளைந்துகொடுக்கும் ஒரு பூச்சுதான். அது கெட்டியான வண்ணப்பூச்சைப் போல நெகிழியின் மேற்பரப்பிலுள்ள நுண்கோடுகளை மூடிவிடாது என்பது அதன் சிறப்பு.

ஆகவே, நிறம் அடிப்பதற்கு முன் செய்யும் வேலையே பெரிய வேலை. தீபாவளிக்கு முன் முகப்புப் பலகையைப் பளபளக்கச் செய்யத் தடவும் மெருகுநீர்கள் பலவற்றில் சிலிக்கோன் உண்டு. அது எஞ்சியிருந்தால் பூச்சு மீன்கண் வடிவில் விலகிக் குழிகளாகும். பாகத்தைக் கழற்றி, பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். சில வண்டிகளில் தொடுவதற்கு மென்மையான பாலியூரிதேன் பூச்சு இருக்கும். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் அது நாளடைவில் சிதைந்து பிசுபிசுக்கும். அதன்மேல் நிறம் அடித்தால் பிசுபிசுப்பும் போகாது, நிறமும் நிற்காது. அதை முழுமையாக அகற்றியே ஆக வேண்டும்.

பாலிபுரோப்பிலீனாக இருந்தால், அடுத்து ஒட்டுதிறன் ஊக்கி என்னும் தெளிவான திரவத்தை மெல்லியதாகத் தெளிக்க வேண்டும். அது ஒரு கையால் நெகிழியையும் மறு கையால் பூச்சையும் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகே நிறம். ஒரே தடவையில் கனமாக அடிப்பதைவிட, இடைவெளி விட்டு மூன்று நான்கு தடவை மெல்லியதாக அடிப்பதே நன்று. நேரமும் முக்கியம். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அதன்மேல் நீர்த்துளிகள் படிந்து, கறுப்பு நிறம் வெண்புகை படர்ந்தாற்போல் மங்கிவிடும். கோலாலம்பூர் வட்டாரத்தில் மாலை மழை இருட்டிக்கொண்டு வரும்போது இவ்வேலையைத் தொடங்குவது வீண்.

வெயிலும் ஒரு சோதனைதான். அமெரிக்காவின் அரிசோனாவில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வில், வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தப்பட்ட மகிழுந்துகளின் முகப்புப் பலகை சராசரியாக 69 டிகிரி செல்சியசை எட்டியது. அது பாலைவன வெயில். அம்பாங் வெயில் அவ்வளவு கொடியதன்று. ஆயினும், வெப்பநிலை 45 டிகிரி உயர்ந்தால், கலப்பில்லாத பாலிபுரோப்பிலீன் ஒரு மீட்டருக்கு 4 மில்லிமீட்டருக்கும் மேல் நீளும்; எஃகு அரை மில்லிமீட்டர்தான் நீளும். நெகிழியோடு சேர்ந்து நீண்டு சுருங்காத விறைப்பான பூச்சு வெடித்துவிடும்.

நிறம் அடிக்கவே கூடாத இடங்களும் உண்டு. எஸ்.ஆர்.எஸ். என்ற எழுத்துகள் பொறித்த மூடிகளுக்குப் பின்னால் காற்றுப்பை மடிந்திருக்கிறது. விபத்தின்போது அம்மூடி கணப்பொழுதில் குறித்த கோட்டில் கிழிந்து திறக்க வேண்டும். மேலே படிந்த பூச்சு அதனைத் தடுக்கலாம். துண்டுகளாகத் தெறிக்கவும் செய்யலாம். முகப்புப் பலகையின் மேற்பரப்பைப் பளபளப்பாக்குவதும் தவறு. அது மங்கலாக இருப்பது அழகுக் குறைவால் அன்று. வெயிலில் அதன் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து ஓட்டுநரின் பார்வையை மறைக்கக்கூடாது என்பதற்காகத்தான்.

இவற்றைவிடக் கவனிக்க வேண்டியவர் தெளிப்பவரே. பட்டறைகளில் பயன்படும், கெட்டியாக்கி சேர்த்துக் கலக்கும் பாலியூரிதேன் பூச்சுகளில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் உண்டு. தொழில்வழி வரும் ஆஸ்துமாவுக்கு அது முக்கியக் காரணங்களுள் ஒன்று. தீங்கு செய்யும் அளவில் இருந்தாலும் மூக்குக்கு அது தெரியாமல் போகலாம்; ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிதளவே மூச்சுத்திணறலைத் தூண்டும். தீங்கு விளைவிக்கும் வேதிப்பொருள்களைப் பயன்படுத்தும் வேலையிடங்களில், முதலாளியே முன்கூட்டி அபாயத்தை மதிப்பிட வேண்டும் என மலேசியாவின் 2000ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. வீட்டில் தெளிப்புக் கலனைப் பயன்படுத்துவோர்க்கும் துணி முகக்கவரி போதாது. அது தூசியை ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது. வண்டிக்குள் அமர்ந்து தெளிப்பது அதைவிடக் கேடு. மூடிய இடத்தில் கரைப்பான் ஆவி தேங்கும். ஒரு பொறி பட்டாலும் தீப்பற்றும்.

கழற்றிய பாகத்தில் நேரடியாகத் தொடங்காமல், அதன் பின்புறத்தில் உள்ளங்கை அளவு இடத்தில் முதலில் முயன்று பார்ப்பது பட்டறிவு உள்ளவர்களின் வழக்கம். முழுமையாகக் காய்ந்தபின் கூரிய கத்தியால் சிறு கட்டங்களாகக் கீறி, ஒட்டும் நாடாவை அழுத்தி ஒட்டி, வேகமாக இழுப்பார்கள். நாடா வெறுமையாக வந்தால் முன்புறத்தைத் தொடலாம். அதில் நிறம் ஒட்டிக்கொண்டு வந்தால், மறுபடியும் சவர்க்காரத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.