வெட்ட ஒரு நாள்; வளர 60 ஆண்டு!
நிலம்பூர் தேக்கு சொல்லும் பாடம்

மலபார் தேக்குக்கு ஒரு காலத்தில் பெரும் கிராக்கி. பம்பாயில் கப்பல் கட்ட அந்த மரம் தேவைப்பட்டது.

1806-ம் ஆண்டில் கேப்டன் வாட்சன் என்பவரைக் காட்டு அதிகாரியாகக் கிழக்கிந்தியக் கம்பெனி நியமித்தது. தேக்கு முழுவதும் கம்பெனிக்கே என்று ஆயிற்று. தன் நிலத்து மரத்தைக்கூட ஒருவர் இஷ்டப்படி வெட்ட முடியாது! மக்கள் குமுறினார்கள்.

1823-ல் அந்த ஏகபோகம் நீங்கியது. வியாபாரிகள் கோடரியுடன் புகுந்தார்கள். தேக்குக் காடுகள் தேய்ந்தன.

கம்பெனியும் வெட்டியது, வியாபாரியும் வெட்டினார். நட்டது யார்?

1840-களில் மலபார் கலெக்டர் கனோலி, நிலம்பூரில் தேக்கு நட ஏற்பாடு செய்தார். முதலில் விதை முளைக்கவில்லை. சாத்து மேனன் என்ற அதிகாரி விடாமுயற்சியுடன் கன்றுகளை வளர்த்தார்.

அன்று நட்ட மரங்களில் சில இன்றும் வானளாவ நிற்கின்றன.

தடை போட்டால் மட்டும் காடு பிழைக்காது. தடையை நீக்கினாலும் பிழைக்காது. வெட்டுகிறவர் நடவும் வேண்டும். காட்டோர மக்களின் உரிமையும் நிலைக்க வேண்டும்.