நிலா பக்கம், பெங்களூரு தூரம்

2023 ஆகஸ்ட் 23 மாலை. சந்திரயான்-3இன் விக்ரம் லேண்டர் நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கிக்கொண்டிருந்தது. இஸ்ரோவின் யூடியூப் சேனலில் மட்டும் ஒரே நேரத்தில் 80 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள். திரையில் அப்படி என்ன இருந்தது? ஒரு வளைகோடு. உயரம், வேகம் என்று மாறிக்கொண்டே இருந்த எண்கள். கணினி முன் விறைப்பாக உட்கார்ந்திருந்த விஞ்ஞானிகள். பாட்டு இல்லை, நடிகர் இல்லை. மொத்தம் 19 நிமிட இறக்கத்தில் 11 நிமிடத்துக்கும் மேல் ஒரே வேலைதான்: வேகத்தைக் குறைத்துக்கொண்டே 30 கி.மீ. உயரத்திலிருந்து ஏழரை கி.மீ.க்கு வருவது. இதை வைத்து ஒரு நிகழ்ச்சி பண்ணலாம் என்று எந்த டிவி தயாரிப்பாளரிடம் சொன்னாலும் சிரிப்பார். கூட்டமோ ஏறிக்கொண்டே போனது.

அன்று இன்னொரு வேடிக்கையும் நடந்தது. நிலவிலிருந்து புறப்படும் ரேடியோ அலை 3,84,000 கி.மீ. கடந்து பூமிக்கு வர 1.3 நொடிதான் ஆகும். அதே காட்சி பெங்களூரு கட்டுப்பாட்டு மையத்திலிருந்து நம் வீட்டுச் செல்போனுக்கு வந்து சேர அதைப்போலப் பல மடங்கு நேரம் ஆகும். மாடி வீட்டில் விசிலடித்து முடித்த பிறகும் கீழ் வீட்டில் லேண்டர் இறங்கிக்கொண்டே இருக்கும். ஐ.பி.எல். பார்க்கிறவர்களுக்கு இது பழகிய எரிச்சல். நம் போனில் பவுலர் ஓடி வரும்போதே பக்கத்து வீட்டில் சிக்ஸர் விழுந்துவிடுகிறது.

காரணம் நெட் ஸ்பீடு அல்ல. நேரலை வீடியோ நம்மிடம் தொடர்ச்சியாக வருவதே இல்லை. ஆப்பிள் நிறுவனம் 2009இல் கொண்டுவந்த எச்.எல்.எஸ். முறையும் அதன் உறவுக்கார முறைகளும் வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக நறுக்கி, கோப்புகளாகச் சேமித்து, ஊர் ஊராக இருக்கும் சர்வர்களில் வைக்கின்றன. ஒரு துண்டு ஆறு நொடி என்றால், அது முழுதாகப் படமாகி முடியும்வரை புறப்படவே முடியாது. வந்து சேர்ந்த பிறகும் நம் பிளேயர் அவசரப்படாது. பந்தியில் இலை நிறையும்வரை கை வைக்காத பெரியவரைப்போல, மூன்று துண்டாவது கையிருப்பில் சேர்ந்த பிறகுதான் ஓட்ட ஆரம்பிக்கும். ஆறு மூன்று பதினெட்டு நொடி அங்கேயே போய்விட்டது. லட்சக்கணக்கானோருக்குத் தடங்கல் இல்லாமல் படம் காட்டக் கொடுக்கும் விலை இது. ஜூம், கூகுள் மீட் போன்ற செயலிகள் வேறு வழியில் போகின்றன. துண்டு போடுவதில்லை, தொலைந்த தரவுக்காகக் காத்திருப்பதும் இல்லை. முகம் கொஞ்சம் கட்டம் கட்டமாகத் தெரியும், ஆனால் தாமதம் ஒரு நொடிக்கும் குறைவு.

சந்திரயானுக்கு இந்தத் தாமதம் ஒரு பொருட்டே அல்ல. லேண்டருக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த எண் என்ன என்பது பார்ப்பவருக்கும் தெரியாது, விஞ்ஞானிக்கும் தெரியாது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் கட்டுப்பாட்டு அறையில் எழுந்த கைதட்டல், வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தவருக்கும் எங்கே மூச்சு விடலாம் என்று காட்டிக்கொடுத்தது. ஆனால் நாம் நடத்தும் இணைய நிகழ்ச்சிகள் பெரும்பாலும் பட்டிமன்றம், புத்தக வெளியீடு, கருத்தரங்கு, பழைய மாணவர் சந்திப்பு. இவை எல்லாமே எதிரில் இருப்பவரின் பதிலை வைத்தே நகர்கிறவை.

இரண்டு பேர் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதற்கு இடையே எவ்வளவு இடைவெளி? மொழியியலாளர் தான்யா ஸ்டிவர்ஸும் சகாக்களும் பத்து மொழிகளில் அளந்து 2009இல் வெளியிட்டார்கள். ஜப்பானியரிடம் குறைவு, டேனிஷ்காரர்களிடம் அதிகம். சராசரி சுமார் 200 மில்லிநொடி, அதாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு சொல்லை யோசித்து வாயில் கொண்டுவரவே மூளைக்கு 600 மில்லிநொடி வேண்டும். அப்படியென்றால் எதிராளி முடிப்பதற்கு முன்பே நாம் பதிலைத் தயார் செய்துவிடுகிறோம், அவர் எங்கே முடிப்பார் என்று ஊகித்துக் காத்திருக்கிறோம். இந்த ஊகத்தைத்தான் இணையம் கெடுக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜூலி போலண்ட் குழு நேரிலும் ஜூமிலும் உரையாடவிட்டு அளந்தபோது, நேரில் 135 மில்லிநொடியாக இருந்த இடைவெளி ஜூமில் 487 ஆனது. கருவியால் ஏற்பட்ட தாமதமோ 30 முதல் 70 மில்லிநொடிதான். மீதியெல்லாம் தாளம் தப்பிய மூளை தடுமாறிய நேரம் என்பது அவர்கள் கருத்து. “கேக்குதா?” “கேக்குது, சொல்லுங்க.” “இல்ல, நீங்க சொல்லுங்க.” “ஐயோ, நீங்களே முதல்ல…” இது எவர் தவறும் இல்லை.

ஆனால் நாம் ஆள் மேல்தான் பழி போடுகிறோம். ஜெர்மனியில் காத்ரின் ஷோனன்பெர்க்கும் சகாக்களும் தொலைபேசி உரையாடலில் வேண்டுமென்றே தாமதத்தைப் புகுத்திப் பார்த்தார்கள். 1.2 நொடி தாமதம் வந்தபோது பேசியவர்கள் பழியை லைனோடு நிறுத்தவில்லை. எதிர்முனையில் இருப்பவர் கவனமில்லாதவர், நட்பாகப் பழகாதவர் என்று மதிப்பிட்டார்கள். இணையக் கூட்டத்தில் “ஆடியன்ஸ் சரியில்ல” என்று சலித்துக்கொள்ளும் பேச்சாளரின் கதையும் இதுதான்.

சிரிப்பின் கதி இன்னும் மோசம். சிரிப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ராபர்ட் புரோவைன், மனிதர் தனியே இருக்கும்போதைவிடப் பிறரோடு இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார் என்று கண்டார். பட்டிமன்றப் பேச்சாளர் மாமியார் துணுக்கைச் சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்துகிறாரே, அந்த நிறுத்தம் சபையின் சிரிப்புக்காக அவர் ஒதுக்கி வைக்கும் இடம். ஆன்லைனில் அந்த இடத்தில் வந்து விழுவது மயான அமைதி. எல்லோரும் மியூட். மியூட்டை எடுத்தாலும் பெரிய மாற்றம் வராது. செயலியின் இரைச்சல் நீக்கி மனிதப் பேச்சைக் காப்பாற்றுவதற்காகச் செய்யப்பட்டது. கைதட்டல் அதற்கு மிக்ஸி சத்தத்தின் பங்காளி. பத்துப் பேர் ஒன்றாகச் சிரித்தால் சர்வர் சில குரல்களை மட்டும் பொறுக்கி அனுப்பும். பேச்சாளர் கேட்பது யாரோ ஒருவரின் ஒற்றை “ஹெ”. அதற்கு அமைதியே தேவலை.

இதற்கு ஒரு புத்திசாலித்தனமான வழியை ஜப்பானியர்கள் கண்டுபிடித்தார்கள். 2006 டிசம்பரில் தொடங்கிய நிகோநிகோ தளத்தில், பார்ப்பவர் எழுதும் கருத்து வீடியோவின் மேலேயே வலமிருந்து இடமாக ஓடும். எந்த மணிக்கு எழுதினார் என்பது அங்கே கணக்கில்லை. வீடியோவின் எத்தனையாவது நொடியில் எழுதினார் என்பதுதான் கணக்கு. நகைச்சுவை வரும் நொடியில் நேற்றும் போன மாதமும் பார்த்தவர்களின் சிரிப்பு திரை முழுக்கக் கொட்டும். நள்ளிரவில் தனியாகப் பார்ப்பவரும் கூட்டத்தோடு சிரிக்கிறார். ஜப்பானிய மொழியில் எட்டு என்ற எண்ணின் ஒலி கைதட்டும் ஓசையை ஒத்திருப்பதால், பாராட்ட நினைப்பவர் 8888 என்று தட்டிவிடுவார். திரை எட்டுகளால் மறையும். சீனத்து பிலிபிலி இதே முறையைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தது. தாமதத்தை ஒழிக்க முடியாதபோது அதைப் பொருட்படுத்தாமல் இருக்க வழி செய்வது என்னைப் பொறுத்தவரை கேமராவுக்கும் லைட்டுக்கும் செலவழிப்பதைவிட மேல்.

கேள்வி கேட்பதிலும் இதே தந்திரம் உதவும். ஹார்வர்டில் கார்ல் ஸ்புனார் குழு 21 நிமிட வீடியோ பாடம் ஒன்றை நான்காகப் பிரித்து, ஒரு பிரிவு மாணவருக்கு ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் சின்னத் தேர்வு வைத்தது. மற்றவர்களைவிட இவர்களின் மனம் அலைபாய்வது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கேள்வி வரலாம் என்று தெரிந்தது மட்டும் போதவில்லை, கேள்விக்குப் பதில் எழுதவும் வேண்டியிருந்தது. நம் ஊர் இணையக் கூட்டங்களிலோ ஒன்றரை மணி நேரப் பேச்சு முடிந்ததும், “ஏதாவது கேள்வி இருந்தா கேக்கலாம்… இல்லையா? சரி, நன்றியுரைக்குப் போயிடலாம்” என்று மூன்று நொடியில் முடித்துவிடுகிறார்கள். யூடியூபில் பார்ப்பவருக்கு அந்த அழைப்பு போய்ச் சேரும்போது இங்கே நன்றியுரை நடந்துகொண்டிருக்கும். பேச்சு நடுவிலேயே கேள்வியைப் போட்டுவிட்டு, வேறு விஷயத்துக்குப் போய், இரண்டு நிமிடம் கழித்து வந்த பதில்களைப் பெயர் சொல்லி வாசித்தால் போதும். திருநெல்வேலியிலிருந்து எழுதியவர் தன் பெயரைக் கேட்ட பிறகு நிகழ்ச்சியை மூடிவிட்டுப் போவது சிரமம்.

சங்கீதத்தில் மட்டும் இந்தச் சமாளிப்பு எடுபடாது. 2020 மார்கழியில் மியூசிக் அகாடமி உள்பட சபாக்கள் கச்சேரிகளை இணையத்தில் நடத்தின. கலைஞர்கள் ஒரே மேடையில் உட்கார்ந்து வாசித்ததால் அது நடந்தது. இசைக்குழு தாளம் பிசகாமல் சேர்ந்து வாசிக்க, ஒருவர் ஒலி மற்றவரை அடைய ஏறத்தாழ 25 மில்லிநொடிக்கு மேல் ஆகக்கூடாது. காற்றில் ஒலி அதற்குள் எட்டரை மீட்டர் போகும். சென்னையிலிருந்து டொராண்டோ 13,000 கி.மீ.க்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி நேர்கோட்டில் போனாலும் ஒரு பக்கத்துக்கு 65 மில்லிநொடிக்குக் குறைந்து போகவே முடியாது. எந்த கம்பெனி எந்த செயலியைக் கொண்டுவந்தாலும் அங்கிருக்கும் பாடகிக்கு இங்கிருந்து மிருதங்கம் வாசிக்க முடியாது.

ஆனால் அந்த டொராண்டோவுக்கு இங்கிருந்து பாட்டு சொல்லிக்கொடுப்பது ஸ்கைப் காலத்திலிருந்தே நடக்கிறது. சேர்ந்து பாடும் வழக்கத்தை வகுப்பில் கைவிட்டார்கள், அவ்வளவுதான். தம்புரா செயலி இரண்டு வீட்டிலும் தனித்தனியே ஒரே கட்டையில் ஓடும். தாளம் அவரவர் தொடையில். குரு ஒரு சங்கதியைப் பாடி நிறுத்திவிட்டு, “இப்ப நீ பாடு, நான் கேக்கறேன்” என்கிறார்.