கரிசல் வெயிலில் ஒரு பறவைக் கேமரா

இரவில் நடமாடும் விலங்குகளை முதன்முதலாகப் படம் பிடிக்க முயன்றவர்கள் கேமராவோடு மருந்துத் தூளையும் சுமந்து போனார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைரஸ், மான் காலில் இடறும்படி கம்பி கட்டி, மக்னீசியத் தூளை எரியவைத்து எடுத்த படங்கள் 1906-இல் நேஷனல் ஜியாகரஃபிக் இதழில் வெளிவந்தன. 1920-களில் வட இந்தியக் காடுகளில் வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் இதே வழியில் புலிகளைப் படமெடுத்தார். உலோகத் தூள் எரியும் அந்த வெள்ளை வெளிச்சம் நம் பட்டாசு ஊரான சிவகாசிக்குப் புதிதல்ல. கம்பி மத்தாப்பின் மினுமினுப்பில் அலுமினியத் தூளுக்கும் பங்குண்டு.

அந்த வழியில் வந்ததுதான் இன்று கொல்லையில் தொங்கவிடும் கேமரா பொருத்திய பறவைத் தீனிப்பெட்டி. பேர்ட் பட்டி என்ற நிறுவனம் 2020-இல் கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பொதுமக்களிடம் பணம் திரட்டிச் சந்தைக்கு வந்தபிறகு இது உலகெங்கும் பரவியது. இப்போது மருந்தும் வேண்டாம், இடறுகம்பியும் வேண்டாம். அந்த வேலையை ஒரு வெப்ப உணரி செய்கிறது.

உயிருள்ள உடல் எதுவும் அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். உணரிக்குள் அருகருகே இரண்டு சின்னத் தகடுகள் இருக்கின்றன. இரண்டின் மீதும் ஒரே அளவு வெப்பம் விழும்வரை அது சும்மா இருக்கும். குருவி ஒன்று குறுக்கே வந்தால் முதலில் ஒரு தகட்டிலும் பிறகு அடுத்ததிலும் வெப்பம் மாறும். அந்த வித்தியாசம் மின்துடிப்பாகி, தூங்கிக்கொண்டிருக்கும் கேமராவை எழுப்புகிறது. கேமரா சில நொடிகள் படமெடுத்து, வீட்டு வைஃபை வழியாக நம் போனுக்கு அனுப்பிவிட்டு மறுபடி தூங்கப் போய்விடும். நாளின் பெரும்பகுதி தூங்குவதால்தான் உள்ளங்கை அகலச் சூரியத்தகடே அதற்குப் போதுமானதாக இருக்கிறது.

நம் ஊரில் சிக்கலே இந்த உணரியில்தான். பறவையின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். பனி பெய்யும் நாட்டில் அது பளிச்சென்று தனித்துத் தெரியும். அக்னி நட்சத்திரத்தில் இங்கே காற்றே 40 டிகிரியை நெருங்கும்போது, குருவிக்கும் அதன் பின்னால் இருக்கும் சுவருக்கும் உணரியால் வித்தியாசம் காண முடியாது. பறவை வந்து போயிருக்கும்; படம் இருக்காது. வெயிலில் காய்ந்த வேப்பங்கிளை ஆடினாலோ, வெறும் கிளையே படம் படமாக வந்து சேரும். பேட்டரிக்கும் ஆபத்துண்டு. லித்தியம் அயன் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வது கெடுதல். ஆகவே பெட்டியை அடர்ந்த மரநிழலில் மாட்டி, சூரியத்தகட்டை மட்டும் வயர் இழுத்து வெயிலில் வையுங்கள். விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரையும், வெயில் தாழ்ந்த பிறகும்தான் நல்ல படங்கள் கிடைக்கும். கேமரா பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்காமல் இருக்கட்டும்.

அடுத்தது தீனி. இந்தப் பெட்டிக்குப் பரிந்துரைக்கப்படும் சூரியகாந்தி விதை குளிர்நாட்டுப் பறவைகளுக்கு ஏற்றது. சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்த்துவந்த சேகர், மாடியில் ஊறவைத்த அரிசி வைத்து ஆயிரக்கணக்கான பச்சைக்கிளிகளை வரவழைத்தார். கம்பு, தினை வைத்தால் சிட்டுக்குருவியும் சில்லையும் வரும். ஆனால் நம் கொல்லைப் பறவைகளில் பல பூச்சியும் பழமும் தேனும் உண்பவை. சின்னானுக்குக் கறிவேப்பிலைப் பழம் பிடிக்கும், தேன்சிட்டுக்கு முருங்கைப் பூ. தானியத்தைக் குவித்தால் மாடப்புறாவும் அணிலும்தான் முந்திக்கொள்ளும். சாத்தூர் சேவு நமக்கு ருசி. உப்பும் எண்ணெயும் உள்ள எதையும் பறவைக்குப் போடக்கூடாது.

என்னைக் கேட்டால், விருதுநகர்ச் சீமையில் இந்தக் கேமராவைத் தீனிக்கு முன்னால் வைப்பதைவிடத் தண்ணீருக்கு முன்னால் வைப்பதே நல்லது. இரண்டு அங்குல ஆழமுள்ள மண்தட்டு, நடுவில் ஒரு கல், தினமும் புதுத் தண்ணீர். தானியம் தொடாத பறவையும் தண்ணீருக்கு வரும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக இறங்கும். ஒன்று குளிக்க, மற்றவை விளிம்பில் நெருங்கி உட்கார்ந்து ஒன்றின் கழுத்தை ஒன்று கோதிவிடும். தூரத்தில் மண்நிறக் குருவியாகத் தெரிந்தது, படத்தில் வெளிறிய கண்ணும் மஞ்சள் அலகுமாக அருகில் நிற்கும். கூட்டத்தில் கரும்பழுப்பு முதுகோடு, வேறு சாடையில் ஒரு குஞ்சு வாய் பிளந்து நின்றால் உற்றுப் பாருங்கள். அது சுடலைக்குயிலின் குஞ்சாக இருக்கலாம். தவிட்டுக்குருவியின் கூட்டில் அந்தக் குயில் முட்டையிடும். மொத்தக் கூட்டமும் ஊட்டி வளர்க்கும். வெறும் கண்ணால் இதைப் பார்க்க எத்தனையோ நாள் காத்திருக்க வேண்டும்.

படத்தைப் பார்த்துச் செயலியே பறவையின் பெயரையும் சொல்லும். லட்சக்கணக்கான படங்களைக் காட்டிக் கணினியைப் பழக்குவதால் அது முடிகிறது. பழக்கிய படங்களில் நம் பறவைகள் குறைவாக இருந்தால் பெயர் தப்பும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவை ஆய்வகம் இலவசமாகத் தரும் மெர்லின் செயலியில் இந்தியப் பறவைகளுக்கான தொகுப்பு இருக்கிறது. அதில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். பெட்டியையும் தட்டையும் வாரம் ஒருமுறை கழுவிக் காயவைப்பது கட்டாயம். அழுக்குத் தட்டிலிருந்து பறவைகளுக்கு நோய் பரவும்.

ஒவ்வொரு படத்திலும் நாளும் நேரமும் பதிவாகும். பட்டாசு பறவைகளை என்ன செய்கிறது என்று பார்க்கச் சிவகாசிக்கு இது பெரிய வாய்ப்பு என்று நினைக்கிறேன். நெதர்லாந்தில் வானிலை ரேடார் பதிவுகளைக் கொண்டு நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், புத்தாண்டு நள்ளிரவு வாணவேடிக்கை தொடங்கியதும் ஆயிரக்கணக்கான பறவைகள் எழும்பி 500 மீட்டர் உயரம் வரை பறந்தது தெரியவந்தது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பட்டாசே பிழைப்பான ஊரில் அப்படிக் கேட்பது நியாயமில்லை. ஆனால் தீபாவளிக்கு முந்திய வாரம் எந்தப் பறவை எத்தனை மணிக்குத் தண்ணீருக்கு வந்தது, அடுத்த வாரம் எப்போது வந்தது என்று குறித்துவைக்க முடியும். தெருவுக்கு ஒரு வீடு நான்கைந்து ஆண்டுகள் குறித்தால், எங்கே எப்போது சத்தத்தைக் குறைக்கலாம் என்று பேச நம் கையில் நம் ஊர்க் கணக்கே இருக்கும்.

கேமரா வாங்க வசதியில்லாவிட்டாலும் தண்ணீர்த் தட்டை வையுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரியில் பொங்கலையொட்டிப் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் உலகம் முழுவதற்குமான கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்பு வரும். குறைந்தது 15 நிமிடம் நீங்களே உட்கார்ந்து, பார்த்த பறவைகளை எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் தளத்தில் பதியுங்கள். கேமரா இருந்தால், சந்தேகம் வரும்போது அது எடுத்த படம் சரிபார்க்க உதவும். வரும் பொங்கலுக்கு உங்கள் வீட்டுப் பட்டியலும் அந்தக் கணக்கில் சேரட்டும்.