மின்சாரத்தை மிச்சம்பிடித்து ஜெயித்த சிப்

1985 ஏப்ரல் 26. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிவந்த ஏகார்ன் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்துக்கு, அவர்களே வடிவமைத்த முதல் பிராசஸர் சிப் ஆலையிலிருந்து வந்து சேர்ந்தது. அன்றைக்கே பலகையில் பொருத்திப் பார்த்தார்கள். முதல் முறையிலேயே வேலை செய்தது. பிறகு, அது எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளக்க, அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஃபர்பர் மீட்டரை இணைத்தார். மீட்டர் பூஜ்யம் காட்டியது. மீட்டரில் கோளாறு இல்லை. சிப்புக்கு மின்சாரம் தரவேண்டிய இணைப்புதான் விட்டுப்போயிருந்தது. சிக்னல் கம்பிகள் வழியாகக் கசிந்து வந்த சொற்ப மின்சாரத்தை வைத்துக்கொண்டே அது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அதன் பெயர் ஆர்ம்-1. இன்றைக்கு உலகில் விற்கும் ஏறக்குறைய எல்லா ஸ்மார்ட்போன், டேப்லெட்டுகளிலும் இருப்பது அந்தக் குடும்பத்தின் வாரிசுகள்தான். 2022-க்குள் 25,000 கோடி ஆர்ம் சிப்புகள் உலகெங்கும் போயிருந்தன. சிப்புகளின் வரலாற்றை வேகத்தின் வரலாறாகச் சொல்வதே வழக்கம். போன் சிப்புக்கு அது பொருந்தாது. அதன் ஒவ்வொரு திருப்பத்தையும் தீர்மானித்தவை பேட்டரியும் சூடும்தான்.

பணமும் இல்லை, ஆளும் இல்லை

பி.பி.சி. மைக்ரோ என்ற கல்விக் கணினியை விற்றுப் பெயர் வாங்கியிருந்தது ஏகார்ன். அடுத்த கணினிக்கு ஏற்ற பிராசஸரைச் சந்தையில் தேடினார்கள், எதுவும் பிடிக்கவில்லை. 1983-இல் ஏகார்னின் சோஃபி வில்சனும் ஃபர்பரும் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகருக்கு அருகே ஒரு சிப் வடிவமைப்பு நிறுவனத்தைப் பார்க்கப் போனார்கள். பெரிய கட்டடத்தை எதிர்பார்த்துப் போன இடத்தில், ஒரு சாதாரண வீட்டுக்குள் சிலர் உட்கார்ந்து பிராசஸர் வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். இவர்களால் முடியுமென்றால் நம்மாலும் முடியும் என்ற துணிச்சலோடு இருவரும் ஊர் திரும்பினார்கள்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்போது ஒரு யோசனையை முன்வைத்திருந்தார்கள்: பிராசஸருக்குச் சிக்கலான கட்டளைகளைக் கற்றுத்தர வேண்டாம், எளிய கட்டளைகள் சிலவற்றை விரைவாகச் செய்தால் போதும். சின்னக் குழுவுக்கு இது கைகொடுத்தது. ஆர்ம்-1-இல் இருந்தவை சுமார் 25,000 டிரான்சிஸ்டர்கள். அதே ஆண்டு வெளிவந்த இன்டெல் 386-இல் 2,75,000.

மின்சாரச் சிக்கனம் இவர்களின் லட்சியமாக இருக்கவில்லை. வடிவமைத்தது மேஜைக் கணினிக்கு. ஆனால் சிப்பை விலை அதிகமான பீங்கான் உறைக்குள் வைக்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் அடைக்க நினைத்தார்கள். பிளாஸ்டிக் சூடு தாங்காது. ஆகவே மின்செலவு ஒரு வாட்டுக்குள் அடங்கவேண்டும். எவ்வளவு செலவாகும் என்று துல்லியமாகக் கணிக்கும் கருவிகள் கையில் இல்லை என்பதால், ஒவ்வொரு கட்டத்திலும் கையை இறுக்கிப் பிடித்தே செலவழித்தார்கள். கடைசியில் வந்து நின்றது சுமார் 0.1 வாட்டில்.

வடிவமைப்பை மட்டும் விற்ற கம்பெனி

1990-இல் ஏகார்ன், ஆப்பிள், சிப் தயாரித்துத் தந்த வி.எல்.எஸ்.ஐ. ஆகிய மூன்றும் சேர்ந்து ஆர்ம் என்ற தனி நிறுவனத்தைத் தொடங்கின. பன்னிரண்டு பொறியாளர்கள், கேம்பிரிட்ஜுக்கு அருகே ஒரு கிராமத்தில் பழைய தானியக் களஞ்சியம்தான் அலுவலகம். ஆப்பிளின் நியூட்டன் என்ற கையடக்கக் கருவிக்குச் சிப் வேண்டியிருந்தது. 1993-இல் வந்த நியூட்டன் சந்தையில் தோற்றது. ஆர்ம் பிழைத்துக்கொண்டது. ஆலை கட்டப் பணம் இல்லாததால் அது சிப்பை விற்கவில்லை. சிப்பின் வடிவமைப்பை உரிமத்துக்குக் கொடுத்தது. வாங்கியவர்கள் அதோடு தங்கள் பாகங்களைச் சேர்த்துத் தங்கள் பெயரில் தயாரித்துக்கொண்டார்கள். குவால்காம், சாம்சங், மீடியாடெக், ஆப்பிள் என ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் நிறுவனங்கள் ஒரே கட்டளைத் தொகுப்பில் இயங்குவதற்கு இதுதான் காரணம்.

செல்போனுக்குள் நுழைய ஒரு தடை இருந்தது. ஆர்ம் கட்டளை ஒவ்வொன்றும் 32 பிட் நீளம். நினைவகம் விலை உயர்ந்திருந்த காலத்தில் அது நோக்கியாவுக்குக் கட்டுப்படியாகவில்லை. அடிக்கடி பயன்படும் கட்டளைகளை 16 பிட்டில் சுருக்கி ‘தம்ப்’ என்ற தொகுப்பை ஆர்ம் உருவாக்கியது. அந்தத் தொகுப்பு கொண்ட சிப்போடு வந்த நோக்கியா 6110 பெருவெற்றி பெற்றது. பிற்பாடு ஸ்ரீபெரும்புதூர் ஆலையிலிருந்து வெளிவந்த நோக்கியா போன்களுக்குள் இருந்ததும் இதே குடும்பம்தான்.

அப்போது உலகின் மிகப்பெரிய சிப் நிறுவனமாக இருந்த இன்டெலுக்கும் வாய்ப்பு வந்தது. ஐபோனுக்குச் சிப் தர முடியுமா என்று ஆப்பிள் கேட்டபோது, கட்டுப்படியாகாது என்று கணக்குப் போட்டு விலகிக்கொண்டது. தன்னிடமிருந்த ஆர்ம் பிரிவையும் 2006-இல் மார்வெல் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அந்தக் கணக்கு தப்பாகிவிட்டதை அப்போதைய தலைவர் பால் ஓட்டலினி பிறகு வெளிப்படையாகவே ஒத்துக்கொண்டார். 2007-இல் வந்த முதல் ஐபோனில் சாம்சங் தயாரித்த ஆர்ம் சிப். அதை 620 மெகாஹெர்ட்ஸில் ஓட்டியிருக்கலாம். ஆப்பிள் 412-இல் நிறுத்திவைத்தது.

ஏன் முழு வேகத்தில் ஓட்டுவதில்லை?

சிப் செலவழிக்கும் மின்சாரம் இரண்டைப் பொறுத்தது: நொடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது, எத்தனை வோல்ட்டில் துடிக்கிறது. துடிப்பு இரட்டித்தால் செலவு இரட்டிக்கும். வோல்ட் இரட்டித்தால் செலவு நான்கு மடங்காகும். வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் பெரும்பாலும் வோல்ட்டையும் கூட்டித்தான் ஆகவேண்டும். அதனால் வேகம் கொஞ்சம் ஏறும்போதே மின்செலவு எகிறிவிடுகிறது.

டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது வோல்ட்டையும் அதே விகிதத்தில் குறைத்தால், அதே பரப்பில் அதே மின்சாரத்தில் கூடுதல் வேலை வாங்கலாம் என்று 1974-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டெனார்ட் காட்டினார். முப்பது ஆண்டுகள் தொழில் இதை நம்பி ஓடியது. 2005 வாக்கில் இது நின்றுபோனது. வோல்ட்டை மேலும் குறைத்தால், அணைத்துவைத்த டிரான்சிஸ்டரிலும் மின்சாரம் கசிய ஆரம்பித்தது.

மேஜைக் கணினி மின்விசிறி வைத்துச் சமாளித்தது. போனில் விசிறி கிடையாது. கை, கண்ணாடி வழியாகவே சூடு வெளியேற வேண்டும். தொடர்ந்து நான்கைந்து வாட்டுக்கு மேல் போனால் கையில் பிடிக்க முடியாது. 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் சுமார் 19 வாட்-மணி இருக்கிறது. இடைவிடாமல் ஐந்து வாட் எடுத்தால் நான்கு மணி நேரத்துக்குள் காலி.

எட்டு கோர் எதற்கு?

சிப்புக்குள் கட்டளைகளைச் செய்துமுடிக்கும் பகுதிதான் கோர். ஒரு கோரை விரட்டுவதைவிட இரண்டு கோர்களை நிதானமாக ஓட்டுவது சிக்கனம் என்று மேலே சொன்ன கணக்கே காட்டுகிறது. 2011-இல் எல்ஜி ஆப்டிமஸ் 2எக்ஸ் போன் இரண்டு கோரோடு வந்தது. பிறகு நான்கு, எட்டு என்று போட்டி முற்றியது. ஆனால் எண்ணிக்கையைக் கூட்டுவது மட்டும் போதவில்லை. வாட்ஸ்அப் செய்தி வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கும் வீடியோ எடிட் செய்வதற்கும் ஒரே பெரிய கோரை எழுப்புவது, பால் பாக்கெட் வாங்க லாரியை எடுத்துக்கொண்டு போவதற்குச் சமம். 2011-இல் ஆர்ம் இதற்கு விடை சொன்னது: சக்தி வாய்ந்த பெரிய கோர்களும் சிக்கனமான சிறிய கோர்களும் ஒரே சிப்பில். வேலையின் கனத்தைப் பார்த்து எதை எழுப்புவது என்று போனின் மென்பொருள் முடிவு செய்யும்.

விளம்பரக்காரர்களுக்கு இது கொண்டாட்டமாகிவிட்டது. 2013-இல் சாம்சங் ‘ஆக்டா’ என்று பெயரிட்டு விற்ற முதல் சிப்பில் கோர்கள் எட்டுதான். ஆனால் ஒரு நேரத்தில் நான்குக்கு மேல் வேலை செய்யாது.

அதே ஆண்டு ஆப்பிள் எதிர்த்திசையில் போனது. ஐபோன் 5எஸ்-இன் ஏ7 சிப்பில் இரண்டே கோர்கள், வேகம் 1.3 கிகாஹெர்ட்ஸ். போட்டியாளரான குவால்காமின் ஸ்னாப்டிராகன் 800-இல் நான்கு கோர்கள், 2.3 கிகாஹெர்ட்ஸ் வரை. இருந்தும் ஒரு கோருக்கு ஒரு கோர் என்று ஒப்பிட்டால் ஏ7 முன்னால் நின்றது. ஒரே துடிப்பில் பல கட்டளைகளைப் பிரித்து அனுப்பும்படி கோரை அகலமாகக் கட்டியிருந்தார்கள். மெதுவாகத் துடித்தாலும் ஒவ்வொரு துடிப்பிலும் நிறைய வேலை. போன்களில் முதல் 64 பிட் சிப்பும் அதுதான்.

2015-இல் ஸ்னாப்டிராகன் 810 சூடாகிறது என்ற புகார் பெரிதாகக் கிளம்பியது. காகிதத்தில் எவ்வளவு வேகம் எழுதினாலும், சூடானவுடன் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதை வாங்கியவர்கள் அப்போதுதான் உணர்ந்தார்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கைக்காரன்

டிரான்சிஸ்டர்களுக்குப் பஞ்சமில்லை; எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எரியவிடத்தான் மின்சாரம் போதாது. ஆகவே குறிப்பிட்ட வேலைக்கென்றே பகுதிகளைக் கட்டி, வேலை வரும்போது மட்டும் எழுப்புகிறார்கள். நீங்கள் படம் பார்க்கும்போது வீடியோவைப் பிரிப்பது தனிச் சுற்று. கேமரா காட்சியைச் சீராக்குவது இன்னொன்று. விளையாட்டுக்குக் கிராபிக்ஸ், சிக்னலுக்கு மோடம். கோர்கள் அந்த நேரத்தில் பெரும்பாலும் தூங்கும். போன் சிப்பின் பரப்பில் நாம் பிராசஸர் என்று அழைக்கும் பகுதி ஒரு சிறு மூலைதான்.

இந்த வரிசையில் 2017-இல் சேர்ந்தது செயற்கை நுண்ணறிவுக்கான பகுதி. ஹுவாவேயின் கிரின் 970, ஆப்பிளின் ஏ11 இரண்டும் அதோடு வந்தன. ஏ11-இல் அந்தப் பகுதி நொடிக்கு 60,000 கோடி கணக்குகள் போட்டது. 2020-இன் ஏ14-இல் 11 லட்சம் கோடி.

மூன்று நானோமீட்டர் எங்கே இருக்கிறது?

இத்தனையையும் நகத்தளவு சிலிக்கானில் அடைக்கும் ஆலைகள் விரல்விட்டு எண்ணும் அளவே. முதலிடத்தில் தைவானின் டி.எஸ்.எம்.சி. மிக நுண்ணிய சிப்புகளுக்கு அவர்கள் பயன்படுத்தும் அச்சு இயந்திரத்தை நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். நிறுவனம் மட்டுமே செய்கிறது. அதற்குள் நொடிக்கு 50,000 உருகிய வெள்ளீயத் துளிகள் லேசரால் தாக்கப்பட்டு, 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளியை உமிழ்கின்றன. அந்த ஒளியைக் காற்றே விழுங்கிவிடும் என்பதால் எல்லாம் வெற்றிடத்தில் நடக்கிறது. லென்ஸும் உதவாது, கண்ணாடிகளால்தான் ஒளியைத் திருப்ப வேண்டும்.

2023-இல் வந்த ஏ17 ப்ரோ சிப்பில் 1,900 கோடி டிரான்சிஸ்டர்கள். ஆர்ம்-1-ஐவிட ஏழரை லட்சம் மடங்கு. அதை ‘3 நானோமீட்டர்’ சிப் என்கிறார்கள். அந்தச் சிப்பில் மூன்று நானோமீட்டர் அளவில் குறிப்பிட்ட பாகம் எதையும் தேட வேண்டாம். ஒரு காலத்தில் அளவைக் குறித்த எண், இன்று தலைமுறையைக் குறிக்கும் பெயர்.

வாங்கும்போது என்ன பார்க்கலாம்?

போனுக்காகப் பழகிய சிக்கனம் இப்போது பெரிய கணினிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. 2020 ஜூனில் உலகின் அதிவேகக் கணினியாக அறிவிக்கப்பட்ட ஜப்பானின் ஃபுகாகு, ஆர்ம் கட்டளைத் தொகுப்பில் இயங்கியது. அதே ஆண்டு ஆப்பிள் தன் மடிக்கணினிகளை எம்1 சிப்புக்கு மாற்றத் தொடங்கி, மேக்புக் ஏர் மாடலில் விசிறியையே எடுத்துவிட்டது. 2024-இல் எம்4 சிப் முதலில் வந்தது மடிக்கணினியில் அல்ல, ஐபேட் ப்ரோ டேப்லெட்டில்.

இந்த நாற்பதாண்டுக் கதை போன் கடையிலும் உதவும். பெட்டி மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் கோர் எண்ணிக்கை, கிகாஹெர்ட்ஸ், நானோமீட்டர் மூன்றும் தனித்தனியாக எதையும் உறுதி சொல்வதில்லை. எட்டும் சிறிய கோர்களாகவே இருந்தாலும் ‘எட்டு கோர்’தான். பெரிய கோர்கள் எத்தனை, அவை எந்த ஆண்டு வடிவமைப்பு என்று பாருங்கள். விமர்சனம் படிக்கும்போது முதல் நிமிட மதிப்பெண்ணைத் தாண்டிப் போய், இருபது நிமிடம் தொடர்ந்து ஓட்டிய பிறகு எவ்வளவு வேகம் மிஞ்சியது என்று சோதித்த விமர்சனத்தைத் தேடுங்கள். சூடான பின்னும் குறையாத வேகம்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் வேகம்.